வாசல் காசு

1806 ஜூன் மாதம். ஜகந்நாதர் தேர்த்திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டக்கிலிருந்து குதிரையில் வந்த ஸ்காட்லாந்துப் பாதிரியார் கிளாடியஸ் புகானன் புரி நகரின் வெளிவாசலை நெருங்கினார். வாசல் மூடிக் கிடந்தது. வெளியே ஏழை யாத்ரீகர்கள் கூட்டமாகக் காத்திருந்தார்கள். வரி கட்டினால்தான் உள்ளே விடுவார்கள். கட்டுவதற்குக் கையில் காசில்லை. ஆனால் வெள்ளைக்காரத் துரைக்கு வாசல் எப்படியும் திறக்கும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சில நாளாகக் குதிரையோடு கூடவே நடந்து வந்த வயதான சன்னியாசி ஒருவர்தான் புகானனை எச்சரித்தார்: உமக்காக வாசல் திறந்ததும் இவர்கள் மொத்தமாகப் பாயப்போகிறார்கள். புகானன் குதிரையிலிருந்து குதித்து ஒதுங்கப் பார்த்தார். அதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது. உள்ளிருந்த காவலர்கள் அவருக்கு வந்த ஆபத்தைப் பார்த்துக் கதவைத் திறக்க, ஜனவெள்ளம் பாதிரியாரையும் அடித்துக்கொண்டு ஊருக்குள் போனது. குறுகிய வழியில் நெரிசல் முற்றியபோது வாசலின் மரத்தூண் ஒன்று சாய்ந்தது. அது சாய்ந்ததால்தான் யாரும் சாகாமல் தப்பித்தார்கள் என்று அவர் பிறகு எழுதினார்.

புகானன் எழுதிய எல்லாவற்றையும் அப்படியே நம்பிவிட முடியாது. ஜகந்நாதர் கோயிலை அவர் வெறுத்தார்; அந்த வெறுப்பை இங்கிலாந்தில் பரப்புவதற்கென்றே 1811இல் புத்தகம் போட்டார். தேர்க்காலில் பக்தர்கள் விழுந்து சாகும் காட்சியைப் படித்துப் படித்து ஆங்கிலேயர் மிரண்டதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் வாசல் கதையில் இட்டுக்கட்ட அவருக்கு அவசியம் இல்லை. கோயில் வசூலுக்குப் பொறுப்பாக இருந்த கிழக்கிந்தியக் கும்பினி அதிகாரி ஹண்டரும் அவரிடம் அதையேதான் சொன்னார்: பெண்களும் கிழவர்களும் குழந்தைகளுமாகச் சேர்ந்து, தங்கள் எடையை மட்டுமே நம்பி, காவலர்கள் மீது முட்டிக்கொண்டு உள்ளே புகுந்துவிடுவது உண்டு. துப்பாக்கி ஈட்டியை அவர்கள் மேல் நீட்டக் காவலர்களுக்கு மனம் வருவதில்லை.

அந்த வாசல் வரி அப்போதுதான் புதுப்பிக்கப்பட்டிருந்தது. 1803இல் மராட்டியரிடமிருந்து ஒடிசாவைக் கைப்பற்றியபோது, அவர்கள் வசூலித்துவந்த யாத்திரை வரியைத் தொடர்வதற்குக் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி தயங்கினார். அவர் ஊர் திரும்பிய பிறகு, 1806 ஏப்ரலில், ஜார்ஜ் பார்லோவின் நிர்வாகம் சட்டம் போட்டு வரியைக் கொண்டுவந்தது. இன்றைய இணையவழி விசா விண்ணப்பங்களோடு பழகியவர்கள் அந்தச் சட்டத்தைப் படித்தால் சிரிப்பு வரும். யாத்ரீகர்கள் நான்கு வகுப்பு. முதல் வகுப்பு லால் யாத்ரி: வடக்கிலிருந்து, பதினெட்டுக் கண் கொண்ட அட்டரநாலா பாலத்தின் வழியாக வந்தால் 10 ரூபாய், தெற்கிலிருந்து, லோகநாத் பக்கமாக வந்தால் 6 ரூபாய். அதாவது சென்னை மாகாணத்திலிருந்து கஞ்சம் வழியாக நடந்துபோன பணக்காரருக்கு 4 ரூபாய் சலுகை. அடுத்த வகுப்பு நிம் லால்: முறையே 5 ரூபாயும் 3 ரூபாயும். மூன்றாவது புரங் வகுப்புக்கு 2 ரூபாய். கடைசி வகுப்பினர் பஞ்ச தீர்த்திகள், அதாவது பரம ஏழைகள். சட்டப்படி இவர்களுக்கு வரி இல்லை. அதற்கேற்ப உரிமையும் சுருக்கம். கட்டிய தொகைக்குத் தகுந்தாற்போல் கையில் ஒரு சீட்டு, சீட்டுக்குத் தகுந்தாற்போல் ஊரில் தங்கும் நாள், கோயிலுக்குள் கிடைக்கும் வசதி. வரியோடு, கோயில் பூசாரிகளான பண்டாக்களின் பங்கும் சேர்ந்தே வசூலானது.

விலக்குப் பட்டியலும் நீளமானது. சன்னியாசிகள், பைராகிகள், பிரம்மசாரிகள் ஆகியோருக்கு வரி கிடையாது. கங்கை நீர் சுமந்து வருபவர்களுக்குக் கிடையாது. வைதரணி ஆற்றுக்கும் கஞ்சத்துக்கும் இடையே குடியிருக்கும் உள்ளூர்க்காரர்களுக்கும் கிடையாது.

அலகாபாத்தில் 1810இல் வந்த சட்டம் இன்னும் நுணுக்கமானது. திரிவேணி சங்கமத்தில் முழுக்குப் போட வருபவர் நடந்து வந்தால் 1 ரூபாய், குதிரையோடோ பல்லக்கோடோ வந்தால் 2, ஒட்டகத்துக்கு 3, யானைக்கு 20. இன்றைய சுங்கச்சாவடிப் பலகையில் கார், வேன், பேருந்து, பலசக்கர லாரி என்று வரிசையாக எழுதியிருப்பதற்கு இதுவே மூதாதை. கூலிக்காரனுக்கு அந்த ஒரு ரூபாயே பல நாள் வருமானம். சீட்டு வாங்காமல் யாரும் நழுவிவிடக் கூடாது என்பதற்குக் கும்பினி கண்டுபிடித்த வழி நாவிதர்கள். பிரயாகையில் முடி இறக்காமல் சடங்கு முடியாது. எனவே ஊர் நாவிதர் எல்லோரையும் பதிவேட்டில் ஏற்றி, சீட்டு இல்லாத தலையில் கத்தி வைக்கக் கூடாது என்று கட்டுப்படுத்தினார்கள். மதில் கட்டுவதைவிட இது மலிவு. ஓட்டல் வரவேற்பு மேசையில் இன்று அனுமதிச் சீட்டைக் கேட்கும் ஊர்கள் அந்த யோசனையைத்தான் கடைப்பிடிக்கின்றன.

கும்பினி இதை ஒன்றும் புதிதாகக் கண்டுபிடித்துவிடவில்லை. குஜராத்தில் சோமநாதம் போகும் வழியில் பாகுலோடம் என்ற இடத்தில் வரிச்சாவடி இருந்ததை மேருதுங்கர் 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய 'பிரபந்த சிந்தாமணி' சொல்கிறது. சோலங்கி அரசன் சித்தராஜ ஜெயசிம்மனின் தாய் மயணல்லாதேவி, தெற்கே கடம்ப குலத்தில் பிறந்தவள். சோமநாதரைத் தரிசிக்கப் போனவள், வரி கட்ட முடியாமல் அழுதுகொண்டு திரும்பும் ஏழைகளைச் சாவடியில் பார்த்தாள். அவர்களுக்கு இல்லாத தரிசனம் எனக்கு எதற்கு என்று அவளும் பாதி வழியில் திரும்பிவிட்டாளாம். இந்த வரியால் 72 லட்சம் வருகிறது என்று அதிகாரிகள் கணக்குக் காட்டினார்கள். மகன் அந்த ஓலையைக் கிழித்துப்போட்டு வரியை ரத்து செய்தான் என்கிறது கதை. தொகை மிகையாக இருக்கலாம். ஆனால் வரியை விலக்கியவனுக்குப் பாட்டும் பெயரும் கிடைப்பது இந்த நாட்டு வழக்கம். தமிழ்நாட்டில் முதலாம் குலோத்துங்கனுக்குச் 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்ற பெயர் கிடைக்கவில்லையா?

1563இல் மதுரா பக்கம் வேட்டைக்குப் போயிருந்த அக்பருக்கு அங்கே யாத்ரீகர்களிடம் வரி வாங்குவது தெரியவந்தது. இருபது வயது இளைஞர் அவர். கடவுளை எந்த வழியில் தேடினாலும் அந்த வழியில் நின்று காசு பறிப்பது சரியல்ல என்று ராஜ்யம் முழுவதும் அதை நீக்கினார் என்கிறார் அவருடைய அவை வரலாற்றாசிரியர் அபுல் பசல். இதனால் கோடிக்கணக்கில் வருவாய் இழப்பு என்றும் மறக்காமல் குறிப்பிடுகிறார். நீக்கிய வரி எப்படியோ திரும்பி வந்துவிட்டது. அக்பரின் பேரன் ஷாஜகான் காலத்தில் காசிப் பண்டிதர் கவீந்திராசாரிய சரஸ்வதி ஆக்ராவுக்குப் போய், காசிக்கும் பிரயாகைக்கும் போகிறவர்கள் மீதான வரியை நீக்கும்படி வாதாட வேண்டியிருந்தது. அவர் வென்று திரும்பியபோது பல ஊர்ப் புலவர்கள் சமஸ்கிருதத்தில் பாராட்டுக் கவிதை எழுதிக் குவித்தார்கள். அவை 'கவீந்திர சந்திரோதயம்' என்ற தொகுப்பாகவே கிடைக்கின்றன. ஒரு வரிவிலக்குக்கு இப்படி ஒரு நூல் எழுந்தது என்றால், அந்த வரி பயணிகளை எவ்வளவு உறுத்தியிருக்க வேண்டும்!

புரிக்குத் திரும்பினால், 1820களிலும் 30களிலும் நடந்த சண்டை இன்னும் சுவையானது. கட்டக்கில் ஊழியம் செய்த பாப்டிஸ்ட் பாதிரியார் ஜேம்ஸ் பெக்ஸ் இங்கிலாந்து திரும்பி, யாத்திரை வரியை எதிர்த்துத் துண்டுப் புத்தகங்களாக எழுதித் தள்ளினார். வரி போகட்டும் என்று ஏழை யாத்ரீகர் ஆசைப்பட்டது காசு மிச்சமாகும் என்பதால். பெக்ஸ் ஆசைப்பட்டது, வரி வாங்குவதால் கிறிஸ்தவ அரசாங்கம் கோயிலின் பங்காளியாகிவிடுகிறதே என்பதால். நேர் எதிரான இரண்டு மனங்கள் ஒரே கோரிக்கையில் வந்து நின்றன. நடுவில் ஒரு கேள்வி மாட்டிக்கொண்டது: வாசலில் காசு வாங்கினால் கூட்டம் குறையுமா, கூடுமா? வரியை எடுத்துவிட்டால் கட்டுக்கடங்காத கூட்டம் வரும் என்றது அதிகாரிகளில் ஒரு சாரார். பெக்ஸ் மறுத்தார். வரி இருப்பதால்தான் பண்டாக்களின் ஆட்கள் வடநாடெங்கும் ஊர் ஊராகப் போய் ஆள் பிடித்து வருகிறார்கள். அரசாங்கமே முத்திரை குத்திச் சீட்டுக் கொடுப்பதால் கோயிலின் மதிப்பு ஏறுகிறது என்றார். இரு தரப்பிடமும் திடமான எண் எதுவும் இல்லை. கடைசியில் 1840ஆம் ஆண்டின் 10ஆம் சட்டம் புரி, கயை, அலகாபாத் மூன்று இடத்திலும் வரியை ஒழித்தது. கேள்விக்கு விடை கிடைத்தபாடில்லை.

அதன் பிறகு வரி சாகவில்லை, வாசலை விட்டு இடம் மாறிக்கொண்டது. காலராவுக்குப் பயந்து புரியில் விடுதிச் சட்டம் வந்தது; யாத்ரீகர் தலைக்கு இவ்வளவு என்று விடுதிக்காரர் உரிமக் கட்டணம் கட்டினார், அதை வாடகையில் ஏற்றினார். 1897இல் புரிக்கு ரயில் வந்தது. திருவிழா ஊர்களுக்கும் தலங்களுக்கும் போகும் ரயில் டிக்கெட்டிலேயே சிறு தொகையைச் சேர்த்து வாங்கும் பழக்கமும் பின்னால் வந்தது. சுதந்திர இந்தியா அதற்கு 1956இல் முனைய வரிச் சட்டம் என்று தனிச் சட்டமே போட்டது. வாசல் வரிக்குக் கலவரம் செய்த அதே நாட்டில், டிக்கெட்டில் ஒளிந்திருந்த வரிக்குப் பெரிதாக யாரும் குரல் எழுப்பவில்லை. டிக்கெட்டைத் திருப்பிப் பார்த்துக் கணக்குப் போட யாருக்கு நேரம்?

அந்த ரயில்வே யோசனையின் மின்னணு வாரிசுதான் இன்று உலகெங்கும் பரவியிருக்கும் முன்அனுமதி. அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் உரிமை உள்ள நாட்டவர் (சிங்கப்பூர்க் கடவுச்சீட்டு வைத்திருக்கும் தமிழரும் இதில் சேர்த்தி) 2009 முதல் இணையத்தில் அனுமதி வாங்கிக்கொண்டே விமானம் ஏற வேண்டும். முதலில் இலவசம். 2010 செப்டம்பரில் 14 டாலர், 2022இல் 21, 2025 செப்டம்பர் இறுதியில் 40. முதல் 14 டாலரில் 10 டாலர் எதற்குப் போனது தெரியுமா? அமெரிக்காவுக்குச் சுற்றுலா வாருங்கள் என்று வெளிநாடுகளில் விளம்பரம் செய்ய! வருகிறவரிடம் வாங்கி, வராதவரை அழைக்கும் இந்த ஏற்பாட்டைப் பெக்ஸ் பார்த்திருந்தால் பண்டாக்களின் ஆட்கள் அவர் நினைவுக்கு வந்திருப்பார்கள்.

ஆனால் ஒளித்து வைத்த காசு வெளியே தெரிந்துவிட்டால் கதை வேறு. இலங்கை 2012 ஜனவரியில் இணையவழிப் பயண அனுமதியைத் தொடங்கியது. 12 ஆண்டு அது சத்தமில்லாமல் ஓடியது. 2024 ஏப்ரலில் அந்த வேலை வெளிநாட்டு நிறுவனங்களின் கூட்டமைப்புக்குக் கைமாறியது. கட்டணத்தோடு சேவைக் கட்டணமும் ஏறியது. 50 டாலரில் முடிந்துகொண்டிருந்த வேலைக்குச் சிலர் 100 டாலருக்கு மேல் கட்ட நேர்ந்தது. கட்டுநாயக்க விமான நிலையத்தில் ஒரு பயணி, இந்தக் கவுண்டரில் வெளிநாட்டவர்கள் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சத்தம் போட்ட காணொளி மே மாதம் நாடெங்கும் பரவியது. அரசாங்கம் தொகையைக் குறைத்துப் பார்த்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் புதிய ஏற்பாட்டை நிறுத்திவைத்து, பழையதற்கே திரும்பச் சொன்னது. ஆத்திரம் தொகையின் மேல் மட்டும் அல்ல. நடுவில் நின்று கமிஷன் வாங்குபவர் யார் என்பதில்தான் அதிகம்.

கூட்டத்தைக் குறைப்பதற்கென்றே காசு வைத்த ஊர் வெனிஸ். பகலில் வந்து பகலிலேயே திரும்புகிறவர்களிடம் 5 யூரோ என்று 2024 ஏப்ரல் 25 அன்று வசூல் தொடங்கியது. அந்த ஆண்டில் 29 நாள் மட்டும், காலை எட்டரையிலிருந்து மாலை நான்கு வரை. கைப்பேசியில் கியூஆர் கோடு காட்ட வேண்டும். உள்ளூர் மாநிலத்தவருக்கு விலக்கு; ஓட்டலில் தங்குகிறவருக்கு விலக்கு, ஆனால் அவரும் பதிவு செய்தாக வேண்டும். முதல் நாளே உள்ளூர் மக்கள், நாங்கள் வாழும் ஊரைக் கண்காட்சியாக்காதீர்கள் என்று ஊர்வலம் போனார்கள். சுமார் 24 லட்சம் யூரோ சேர்ந்தது. கூட்டம் குறையவே இல்லை என்றார்கள் நகரசபை எதிர்க்கட்சியினர். அடுத்த ஆண்டு நாள்களை 54 ஆக்கி, கடைசி நேரத்தில் பதிவு செய்தால் 10 யூரோ என்றது நகராட்சி. 5 யூரோவில் ஒரு காபியும் ரொட்டியும் வரும். அதற்காக வெனிஸைப் பார்க்காமல் திரும்புகிறவர் யார்?

திரும்ப வைக்கும் அளவுக்குக் காசு வைத்த நாடும் உண்டு. பூட்டான் 1974இல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது, அதுவும் ஒரு நாளைக்கு இவ்வளவு டாலர் என்ற குறைந்தபட்சச் செலவு நிபந்தனையோடு. இந்தியர்களுக்கோ வெகுகாலம் அந்த நிபந்தனை கிடையாது. புன்ட்ஷோலிங் குடியேற்ற அலுவலகத்தில் வாக்காளர் அட்டையும் புகைப்படமும் கொடுத்து, வரிசையில் நின்றால் பாரோவுக்கும் திம்புவுக்கும் அனுமதிச் சீட்டு கிடைத்துவந்தது. புனாக்காவுக்குப் போக வேண்டுமென்றால் திம்புவில் இன்னொரு வரிசை. 2019இல் வந்த மூன்று லட்சத்துச் சொச்சம் பேரில் பெரும்பாலோர் இந்தியர்களே. அந்த ஆண்டு அக்டோபரில் டோச்சுலா கணவாயில் இந்திய பைக் பயணி ஒருவர் நினைவு ஸ்தூபியின் மேல் ஏறி நின்று எடுத்துக்கொண்ட படம் அங்கே பெரும் கொதிப்பை உண்டாக்கியது. கோவிட் முடிந்து 2022 செப்டம்பரில் எல்லை திறந்தபோது அனுமதி இணையத்துக்கு மாறியிருந்தது. இந்தியருக்கு ஓர் இரவுக்கு 1,200 ரூபாய், மற்றவர்களுக்கு 200 டாலர். பெரியவர்கள் நால்வர் கொண்ட குடும்பம் ஓட்டல் வாடகைக்கு முன்பே இரவுக்கு 4,800 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும். 2023இல் வந்தவர்கள் ஒரு லட்சத்தை ஒட்டியே இருந்தார்கள். ஓட்டல்கள் காலியாகக் கிடந்தன. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே 200 டாலரை 100 ஆக்கி, 2027 ஆகஸ்ட் வரை அதுவே என்று அரசு அறிவித்துவிட்டது. காசு வைத்தால் கூட்டம் குறையும் என்பதற்குக் கிடைத்த ஒரே தெளிவான சான்றை, அதைக் கண்டுபிடித்தவர்களே பாதி விலைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தமிழ்நாட்டுக்கு இ-பாஸ் என்ற சொல்லைக் கற்றுக்கொடுத்தது 2020இன் ஊரடங்கு. சாவு வீட்டுக்குப் போகக்கூட இணையத்தில் விண்ணப்பித்துக் காத்திருந்த மாதங்கள் அவை. விண்ணப்பம் ஏன் நிராகரிக்கப்பட்டது என்று தெரியாமல் தவித்தவர்களை நம்பி இடைத்தரகர்கள் பிழைத்தார்கள். ஆகஸ்ட் 17 முதல் கேட்டவருக்கெல்லாம் உடனே என்று ஆனது. செப்டம்பரில் மாவட்டம் தாண்ட இ-பாஸ் வேண்டாம் என்று ஆனது. அதனால் 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, காசு எதுவும் கட்ட வேண்டியதில்லை என்றாலும் பலருக்கு அந்தச் சொல்லே கசந்தது. சீசனில் ஒரு நாளைக்கு 20,000 வாகனம் வரை நீலகிரிக்கு ஏறுவதாக நீதிமன்றத்தின் முன் கணக்கு வைக்கப்பட்டிருந்தது.

முதல் ஆண்டு அது வெறும் எண்ணிக்கைக்கான பதிவு. பெயர், வண்டி எண், எத்தனை பேர், எங்கே தங்கல் என்று நிரப்பினால் சீட்டு வந்துவிடும். கல்லாறு, குஞ்சப்பனை, கக்கநல்லா, நாடுகாணிச் சோதனைச்சாவடிகளில் வந்து நின்ற பிறகு பதிவு செய்தவர்களும் உண்டு. 2025 ஏப்ரல் 1 முதல் கதை மாறியது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வாகனம், வார இறுதியில் 8,000; கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர்ப் பதிவெண் கொண்ட வண்டிகளுக்கும் விளைபொருள் வண்டிகளுக்கும் விலக்கு. அரசுப் பேருந்திலோ மலை ரயிலிலோ போகிறவருக்கு எந்தச் சீட்டும் வேண்டாம். இந்தக் கடைசி விலக்கு கவனிக்க வேண்டிய ஒன்று. அலகாபாத்தில் யானைக்காரர் 20 ரூபாயை விட்டெறிந்துவிட்டுப் போனார், நடந்து வந்தவர் ஒரு ரூபாய்க்குத் திண்டாடினார். கல்லாற்றில் சொந்தக் கார் வைத்திருப்பவர் கைப்பேசியை நீட்டிக்கொண்டு வரிசையில் நிற்க, மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறிய அரசுப் பேருந்து பக்கத்தில் தாண்டிப் போகிறது. கார் பயணிகளின் எரிச்சலில் பாதி இதனால்தான் என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

மீதிப் பாதியில் நியாயம் இருக்கிறது. மேலே நெரிசலைக் குறைக்க வந்த சோதனை அடிவாரத்தில் வண்டிகளை வரிசை கட்டி நிறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எழுந்து, வா ஊட்டிக்குப் போகலாம் என்று கோயம்புத்தூர்க்காரர் கிளம்பும் காலம் முடிந்தது. விடுதிக்காரர்களுக்கும் கடைக்காரர்களுக்கும் பயம் வேறு மாதிரி: இடம் இருந்தாலும் இருக்காது என்று நினைத்து மக்கள் வேறு மலைக்குப் போய்விடுவார்கள். ஏப்ரல் 2 அன்று நீலகிரி வணிகர்கள் 24 மணி நேரக் கடையடைப்பு நடத்தினார்கள். அந்த 6,000, 8,000 கூட இடைக்கால எண்கள்தான். மலை எத்தனை வண்டி தாங்கும் என்று ஆராய்ந்து சொல்லும் வேலை சென்னை ஐஐடிக்கும் பெங்களூர் ஐஐஎம்முக்கும் தரப்பட்டது.